கலுங்கு பாய்ந்தால் மடவை

செட்டிநாட்டுக்கு எல்லை சொன்னால் வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்பார்கள். சின்ன வயதில் இருந்து கேட்ட கணக்குதான். ஆனால் அந்த வடக்கெல்லை போய்க் கிழக்கெல்லையில் முட்டுகிற மூலையை நான் பார்த்ததே இல்லை. பொங்கல் முடிந்த கையோடு காரைக்குடியில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, மணமேல்குடியில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஆட்டோ.

வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரம் என்றதும் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொண்டு போனேன். முழங்கால் அளவுத் தண்ணீர், பால் விட்ட டீ நிறம், கீழே செருப்பை விழுங்கும் சேறு (ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது). வீச்சு வலையோடு நின்ற ஒரு அண்ணன் சிரித்துவிட்டு, "கழட்டிட்டு வாங்க தம்பி" என்றார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், ரசத்தில் உப்புக் குறைந்த மாதிரி இருந்தது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும், இது அதில் பாதிகூட வராது.

அந்த உப்புதான் இங்கே வாசல் காவல். கண்மாயில் (ஏரியில்) வாழும் விரால் மீனின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது, அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஏறும், மீன் அதை நாளெல்லாம் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல் மீனுக்கு நேர்மாறு, உடம்புத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருப்பதால் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே தள்ளும். இரண்டு வேலையும் தெரிந்த மீன்கள் கொஞ்சம்தான். அண்ணன் வலையில் மடவைக் குஞ்சு, கிழங்கான், கீளி எல்லாம் துள்ளின. விரால் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் ஏன் இங்கே இவ்வளவு குஞ்சுகள்? தண்ணீர் கலங்கல் என்பதால் பெரிய மீனின் கண்ணுக்குத் தப்பலாம், ஆழம் இல்லாததால் அது உள்ளே வரவும் தயங்கும், சேற்றில் மட்கின இலையும் பாசியும் தின்னத் தின்னத் தீராது. மடவை கடலில்தான் முட்டையிடும், குஞ்சுகள் இங்கே வந்து வளரும். கொடுவாவும் அப்படித்தான், அதில் இன்னொரு வேடிக்கை, ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும்.

"மே மாசம் வந்து பாருங்க, இதே எடத்துல மணல் திட்டுதான் இருக்கும்" என்றார் அண்ணன். கோடையில் ஆற்றில் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை, அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கியது வெயிலில் வற்றி, கடலைவிட உப்பாகும், சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். அப்போது ஜிலேபிக் கெண்டை மாதிரி எதையும் தாங்குகிற ஆட்கள் மட்டும்தான் மிச்சம். ஐப்பசி மழையில் வெள்ளம் மணலை உடைத்தால்தான் மறுபடி கடல் மீனுக்குக் கதவு.

ஆக, எத்தனை வகை மீன் என்பது கடற்கரையில் முடிவாவதில்லை, மேலே கண்மாய்களில் முடிவாகிறது என்பது என் எண்ணம். வரிசையாக இருக்கிற கண்மாய்கள் எல்லாம் நிரம்பி, கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் வாய்) பாய்ந்த பிறகுதான் மிச்சம் கடலுக்கு. காரைக்குடிப் பக்கத்துத் தண்ணீர் வெள்ளாற்றுக்கு வராது, மணிமுத்தாறு, பாம்பாறு என்று வேறு வழி. ஆனாலும் போய்ச் சேருவது இதே பாக் விரிகுடாவுக்குத்தான். அங்கே கடற்புல் மேடுகள், அவற்றை மேய ஓரா மீன், கடல்பசு. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. கடல்பசு எனக்குக் கண்ணில் படவில்லை, சரி, வெறும் காலோடு கரையில் நின்றவனுக்கு எப்படிப் படும்.

இருட்டுகிற நேரத்துக்கு ஒரு கிலோ மடவையோடு வீடு வந்தேன். அப்பத்தா வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆத்துவாய் மீனா? சேறு வாடை வரும், நல்லாக் கல்லுப்புப் போட்டு உரசு" என்று புளி கரைக்கப் போனார்.

"அப்பத்தா, நம்ம கண்மாய் இந்த வருசம் எத்தனை நாள் கலுங்கு பாஞ்சுச்சு?"

"பதினோரு நாள். மீன் வாங்கப் போன பய, கண்மாயை ஏன்டா கேக்குற?"