பிசினஸ் வான்டேஜ்: ஃபிரேசல் வெர்பை எப்படிப் படிப்பது?

கேம்பிரிட்ஜின் பிசினஸ் இங்கிலீஷ் பரீட்சையான பி2 பிசினஸ் வான்டேஜ் ரிசல்ட் வந்த கையோடு எழுதுகிறேன். எத்தனை பேப்பர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எழுதப்போகிறவர்களுக்குத் தெரியும், நேரே ஃபிரேசல் வெர்புக்கு வருகிறேன், அதாவது வெர்போடு 'அப்', 'ஆஃப்' மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனி அர்த்தம் தருவது. பாஸ் ஸ்கோரான 160-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்பவர்களுக்கு ரீடிங்கில் காலை வாருவது பெரும்பாலும் இதுதான்.

கிடைக்கிற லிஸ்ட் எல்லாம் வெர்ப் வாரியாக இருக்கும். 'கெட்' என்று தலைப்புப் போட்டு பத்து, 'புட்' என்று போட்டு பத்து. இதை மனப்பாடம் செய்வது வீண் வேலை. ரீடிங்கில் கோடிட்ட இடத்துக்கு ஆப்ஷன் தேர்ந்தெடுக்கும் நாலாம் பார்ட்டில் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' எல்லாம் பெரும்பாலும் வாக்கியத்திலேயே அச்சாகியிருக்கும், காலியாக இருப்பது வெர்ப். "தி லாயர்ஸ் ஹேவ் ___ அப் எ நியூ கான்ட்ராக்ட்" என்று கொடுத்து, கீழே டிரான், காட், கெப்ட், மேட் என்று நாலு வைத்தால், நாலுமே 'அப்'போடு சேரும். விடையைச் சொல்வது அந்தக் கடைசி 'கான்ட்ராக்ட்'தான். ஒப்பந்தத்தை 'டிரா அப்' செய்வார்கள். மற்ற மூன்றும் அதோடு ஒட்டாது.

அதனால் நோட்டைப் பெயர்ச்சொல் வாரியாகப் போடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு ஒரு பக்கம்:

மீட்டிங்: செட் அப், கால் ஆஃப், புட் ஆஃப், பிரிங் ஃபார்வர்டு
ஸ்டாஃப்: டேக் ஆன், லே ஆஃப்
ஆஃபர்: டேக் அப், டர்ன் டவுன்
கடன்: பே ஆஃப், ரைட் ஆஃப்
ப்ராடக்ட்: பிரிங் அவுட், ஃபேஸ் அவுட்
சர்வே: கேரி அவுட்
டீல்: ஃபால் த்ரூ

இருபது பெயர்ச்சொல் தேறினால் தாராளம். சேர்த்துப் படிக்கும்போதுதான் வித்தியாசம் பிடிபடும். 'பே ஆஃப்' செய்கிறவர் கடன் வாங்கியவர், பாக்கி தீர்ந்தது. 'ரைட் ஆஃப்' செய்கிறவர் கடன் கொடுத்தவர், இனி வராது என்று கணக்கில் நஷ்டமாக எழுதுகிறார். இரண்டுக்கும் 'கடனை முடிப்பது' என்று ஒரே அர்த்தம் குறித்துவைத்தால் தப்பான ஆப்ஷனில் விழுவீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இட்' போட்டு ஒரு முறை எழுதுங்கள். 'கால் இட் ஆஃப்' சரி, 'கால் ஆஃப் இட்' தப்பு. 'டீல் வித்', 'லுக் இன்டூ' மாதிரியானவற்றில் 'இட்' கடைசியில்தான் வரும். 'ஃபால் த்ரூ'வுக்கு ஆப்ஜெக்டே கிடையாது: 'தி டீல் ஃபெல் த்ரூ'. அதற்கு முன்னால் 'வாஸ்' போட்டால் மார்க் போகும். ஆப், ஃப்ளாஷ்கார்டு வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். கையால் எழுதுவதுபோல் வராது என்பது என் கட்சி.

ரீடிங்கின் ஐந்தாம் பார்ட்தான் நம்மூர்க்காரர்களுக்குப் பொல்லாதது. 12 வரி, ஒரு வரியில் அதிகபட்சம் ஒரு கூடுதல் வார்த்தை, அதைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஆபீஸில் தினமும் பேசும் இங்கிலீஷ் இங்கே நமக்கு எதிராக வேலை செய்யும். 'கோப் அப் வித்' என்று பார்த்தால் நம் கண்ணுக்கு உறுத்தாது. சரியானது 'கோப் வித்', அந்த 'அப்' கூடுதல். இதே வகையறா:

டிஸ்கஸ் அபவுட்: 'அபவுட்' வேண்டாம்
மென்ஷன் அபவுட்: அதேதான்
ரிட்டர்ன் பேக்: 'பேக்' வேண்டாம்
எம்ஃபசைஸ் ஆன்: 'ஆன்' வேண்டாம்
ரிக்வெஸ்ட் ஃபார்: வெர்பாக வந்தால் 'ஃபார்' வேண்டாம், 'எ ரிக்வெஸ்ட் ஃபார்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் வேண்டும்

வரிவரியாகப் படிக்காதீர்கள். 'கட் பேக்' ஒரு வரியின் கடைசியில் நிற்கும், 'ஆன் டிராவல் காஸ்ட்ஸ்' அடுத்த வரியில் தொடங்கும். வரியோடு நிறுத்தினால் 'பேக்'கை வெட்டத் தோன்றும். புள்ளி வரை போய்விட்டுத் திரும்புங்கள். சில வரிகளில் பிழையே இருக்காது, அங்கே 'கரெக்ட்' என்று எழுத வேண்டும். ஆன்சர் ஷீட்டில் எல்லாம் கேப்பிடல் எழுத்தில்.

லிஸனிங்கில் தேதி மாற்றம் கவனிக்க வேண்டியது. புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் 'பிரிங் ஃபார்வர்டு' செய்தால் திங்கள், 'புட் பேக்' செய்தால் வெள்ளி. 'ஃபார்வர்டு' என்றதும் தள்ளிப்போகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நாம் சொல்லும் 'பிரிபோன்'தான் 'பிரிங் ஃபார்வர்டு'. பரீட்சையில் 'பிரிபோன்' எழுத வேண்டாம். 'பதில் சொல்கிறேன்' என்பதற்கு 'ரிவர்ட்'டும் வேண்டாம், 'கெட் பேக் டு யூ' போதும்.

இன்னொரு தொல்லை, சேர்த்துப் பேசுவது. 'புட் இட் ஆஃப்' காதில் 'புட்டிட்டாஃப்' என்று ஒரே மூச்சில் விழும். நோட்டில் 'இட்' போட்டு எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பழகியிருந்தால் இது தடுமாறவைக்காது. கோடிட்ட இடத்தில் பெயர்ச்சொல் கேட்டால் 'டேக்ஓவர்', 'டர்ன்ஓவர்', 'பிரேக்டவுன்' எல்லாம் ஒரே சொல், அழுத்தம் முதல் பாதியில். வெர்பாக வந்தால் இரண்டு சொல், அழுத்தம் பின்பாதிக்குப் போகும்.

ரைட்டிங்கில் ஃபிரேசல் வெர்ப் என்றாலே கொச்சை என்று ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள். 'கேரி அவுட்', 'டிரா அப்', 'செட் அவுட்' மூன்றும் ரிப்போர்ட்டில் கம்பீரமாக உட்காரும். 'புட் ஆஃப்', 'சார்ட் அவுட்' இரண்டையும் 40-50 வார்த்தை இமெயிலில் போடுங்கள். 120-140 வார்த்தை பார்ட்டில் 'போஸ்ட்போன்', 'ரிசால்வ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். கடிதத்தின் முடிவில் 'லுக் ஃபார்வர்டு டு மீட் யூ' அல்ல, 'மீட்டிங் யூ'.

ஸ்பீக்கிங்கில் ஒரு நிமிஷப் பேச்சுக்கு இரண்டு மூன்று போதும். திணித்தால் கேட்கவே சகிக்காது. ஆள் எடுப்பது பற்றிய தலைப்பென்றால் 'ஸ்டாஃப்' பக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டு பேசலாம். பார்ட்னர் பேசி முடித்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'யூ மென்ஷன்டு டிரெய்னிங்' என்று தொடங்குங்கள், நடுவில் 'அபவுட்' இல்லாமல்.