பேஜ்மேக்கரை விடாதவர்களிடம் ஸ்கிரைபஸ்

சிறு ஊர்களிலிருந்து வரும் இதழ்களில் பக்கம் கட்டுகிறவர்களிடம், பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் பற்றிப் பேசப் போனால், ‘இலவசம்’ என்பது எடுபடாது. அதே வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும் யாரோ சிடியில் பதிந்து கொடுத்ததுதான். உரிமம், கட்டற்ற மென்பொருள் என்று நான் ஆரம்பித்தால் ஆசிரியர் மரியாதைக்குத் தலையாட்டுவார். டிடிபி அடிக்கும் அக்கா கடிகாரத்தைப் பார்ப்பார்.

அவர்களை அசைத்தது வேறு. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். எல்லாக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த செய்தியை அப்படியே இணையத்தில் போட்டால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதனால் அச்சுக்கு ஒருமுறை, இணையதளத்துக்கு ஒருமுறை என்று அடிப்பார்கள். இல்லாவிட்டால் மாற்றியில் போட்டு எடுத்துப் பிழை திருத்துவார்கள். பல வருட இதழ்கள் கணினியில் கிடக்கும். ஓர் ஊர்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. ‘ஸ்கிரைபஸில் யூனிகோடிலேயே ஒரு தடவை அடித்தால் போதும், பிறகு தேடியும் எடுக்கலாம்’ என்று சொன்னபோதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஏற்கெனவே முயன்று கைவிட்டவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஸ்கிரைபஸ் 1.4-இல் தமிழ் உடையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைப் பார்த்தவர் ‘தமிழ் வராத சாஃப்ட்வேர்’ என்று முடிவு கட்டியிருப்பார். 2017-இல் வந்த 1.5.3-இல்தான் இது சரியானது. (ஓமானைச் சேர்ந்த ஒரு குழு இதில் நிறைய உழைத்தது. அரபிக்குக் கிடைத்த வசதி நமக்கும் கிடைத்தது.) ஆனால் 1.5 வரிசை சோதனைப் பதிப்பு என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. இதழ் முடிக்கும் இரவில் அதை நம்பச் சொல்ல எனக்கே தயக்கம்தான். நிலையான 1.6 வந்தது 2024 ஜனவரியில். அதன் பிறகு தைரியமாகச் சொல்கிறேன்.

அப்புறம் விரல் பழக்கம். தமிழ்99 நல்ல விசைப்பலகை என்று வாதாடுவதை விட்டுவிட்டேன். இருபது வருடம் டைப்ரைட்டர் முறையில் அடித்தவரின் வேகத்தைப் பறித்துவிட்டு எந்த மென்பொருளையும் விற்க முடியாது. தமிழ் தட்டச்சு மென்பொருளான இ-கலப்பையை நிறுவி, அவர் பழகிய முறையிலேயே யூனிகோடு வரும்படி செய்து கொடுத்தால் அன்றே வேலை நடக்கிறது.

பயிற்சிக்கு மாதிரிப் பக்கம் எதுவும் வைப்பதில்லை. வரப்போகும் இதழின் உள்பக்கம் ஒன்றை மட்டும் எடுத்துச் செய்வோம். செய்தியை லிப்ரே ஆபிஸில் அடித்து, பத்திப் பாணிகளை (தலைப்புக்கும் செய்திக்குமான எழுத்து, அளவு, இடைவெளி) அமைத்துவிட்டு உள்ளே இழுப்பது. பிடிஎஃப் எடுக்கும் முன் ஸ்கிரைபஸ் தானே ஒரு சோதனை நடத்தி, தெளிவு குறைந்த படங்களைச் சுட்டிக்காட்டும். செய்தியாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் வரிசையாக மாட்டும். ஓர் ஆசிரியருக்கு இந்த ஒரு வசதியே போதுமாக இருந்தது. செய்தியாளர்களைத் திட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது!

அச்சகத்தில் ‘எழுத்து மாறுகிறது’ என்றால், பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி அனுப்பச் சொல்கிறேன். சரியாகிவிடும்.

விளம்பரங்கள் மட்டும் இன்னும் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில்தான் வருகின்றன. பிடிஎஃபாக வாங்கிப் படச் சட்டத்தில் வைக்கிறோம். கடைசி நேரத்தில் தொலைபேசி எண் மாறினால் அந்த டிசைனரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த மாதிரி அவசரத்துக்கென்றே பழைய மென்பொருள்கள் உள்ள கணினியை ஓரமாக வைத்திருக்கிறார்கள். நானும் அதை எடுத்துவிடச் சொல்வதில்லை.