இறந்த ஜாரின் பெயரில் வந்தவன்

அரசியலில் நடந்த ஆள்மாறாட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றியவனோடு நின்றுவிடுகிறார்கள். அவனை அரசனாக ஏற்றவர்களுக்கு என்ன தேவை இருந்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம்; ரஷ்யாவின் எமெல்யான் புகச்சோவ் அதற்குத் தக்க சான்று.

ஜார், அதாவது ரஷ்யப் பேரரசர், மூன்றாம் பீட்டர் 1762-ல் ஆறே மாதங்கள் ஆண்டார். பிரபுக்களைக் கட்டாய அரசுப்பணியிலிருந்து அவர் விடுவித்தபோது, அடுத்து தங்களுக்கும் விடுதலை வரும் என்று பண்ணையடிமைகள் காத்திருந்தார்கள். மனைவி கேத்தரின் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுத் தாமே அரசியானார். சில நாள்களிலேயே அவர் காவலில் இறந்துபோனார். மூலநோயும் வயிற்றுவலியும்தான் காரணம் என்ற அரண்மனையின் அறிவிப்பைப் பலர் நம்பவில்லை. அதனால் "ஜார் உயிரோடு இருக்கிறார்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அவர் பெயரில் பலர் கிளம்பினார்கள்.

புகச்சோவ் அவர்களில் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாத டான் ஆற்றங்கரைக் கொசாக் (எல்லைப்புறப் போர்வீரர் சமூகத்தைச் சேர்ந்தவர்), படையை விட்டு ஓடியவர். 1773-ல் அவர் யாய்க் ஆற்றங்கரைக்கு வந்தபோது, முந்தைய ஆண்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டுத் தன்னாட்சியையும் இழந்த கொசாக்குகள் அங்கே குமுறிக்கொண்டிருந்தார்கள். அரச அடையாளம் கேட்டவர்களிடம் அவர் சட்டையைத் திறந்து, மார்பிலிருந்த நோய்த் தழும்புகளைக் காட்டினார். சிகா என்ற கொசாக் மட்டும் தனியே விடாமல் கேட்க, தாம் யார் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டார். உண்மை தெரிந்த பிறகும் சிகா விலகவில்லை. புகச்சோவின் முக்கியத் தளபதிகளில் ஒருவராகி, "கவுண்ட் செர்னிஷேவ்" என்ற இன்னொரு பொய்ப்பெயரையும் ஏற்றுக்கொண்டார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதிப்பது இந்த இடம்தான். சிகாவை ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாரின் பெயரில் அல்லாமல் வேறு எந்தப் பெயரிலும் நீதி கேட்க முடியாத நாட்டில், கிடைத்த பெயரை அவர் பிடித்துக்கொண்டார்.

புகச்சோவின் கிளர்ச்சிப்படையால் ஓரன்பர்க் நகரம் முற்றுகையிடப்பட்டது, கசான் நகரம் எரிந்தது, பிரபுக்களின் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அந்தக் கொடுமைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இறுதியில் சொந்த ஆட்களே புகச்சோவைப் பிடித்துக் கொடுக்க, 1775 ஜனவரியில் மாஸ்கோவில் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருக்குப் பின்னால் அந்நிய நாடோ பிரபுக்களோ இருக்கிறார்களா என்று கேத்தரினின் அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்தும் எவரும் அகப்படவில்லை. யாய்க் ஆற்றின் பெயரையே உரால் என்று மாற்றிய அரசு, அந்த மக்களின் குறையைத் தீர்க்க முன்வரவில்லை. 1774-ல் பொய் ஜாரின் பெயரில் அறிவிக்கப்பட்ட பண்ணையடிமைகளின் விடுதலையை உண்மையான ஜார் ஒருவர் சட்டமாக்க 1861 வரை ஆயிற்று.