தாத்தாவின் ஃபியட்டும் போகியில் எரிந்த கோப்பும்

என் தாத்தா 1967-இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட் காரை, அப்பா காலமான மறு ஆண்டு, அதாவது 2023-இல், விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்ததால் பத்து நாளில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆயிற்று.

வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்களின் ஒப்புதல் கடிதம், உரிமையாளர் இறந்தபின் வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 31 ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அலைச்சல்தான், ஆனால் வழி தெரிந்த அலைச்சல். சிக்கல் தொடங்கியது, பழைய கார்களைச் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவர் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்த அன்றுதான்.

அவர் வண்டியைக் கிளப்பிக் காட்டச் சொல்லவில்லை. பானட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் என்ஜின் பிளாக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, அதில் பொறித்திருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார், பிறகு ஆர்.சி. எனப்படும் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த எண்ணுக்கு நேராக விரலை வைத்தார். இரண்டும் வேறு வேறாக இருந்தன. அடுத்து முன்கதவின் ரப்பர் பீடிங்கை நகத்தால் லேசாக நெம்பினார். வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் தாத்தா காலத்து வெளிர் பச்சை எட்டிப் பார்த்தது.

நிறத்துக்காக அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1983-இல் வெள்ளையடித்தபோது அப்பா அதை முறைப்படி ஆர்.சி.யில் பதிய வைத்து முத்திரை வாங்கியிருந்தார். ஆகவே அது வண்டியின் வரலாறு ஆகிவிட்டது என்றார். என்ஜின் மாற்றமோ எங்கும் எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட வண்டிக்குப் பெயர் மாற்றத்திலும் தொல்லை வரலாம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் தொல்லை வரலாம். முகப்புக் கிரில்லும் இதே காரின் பிற்கால வடிவமான பத்மினியுடையது என்பதைத் தெருவிலிருந்தே கண்டுகொண்டதாகச் சொன்னார். கடைசியாக, வாங்கிய ரசீது, முன்பதிவுக் கடிதம், கையேடு, சர்வீஸ் கூப்பன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தன. கார் வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. முன்பதிவு செய்த நாளிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும் தாத்தா ஒரு நாடா கட்டிய கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணைக் காலி செய்து, கரையான் அரித்த பாய்களோடு அந்தக் கோப்பையும் போகி நெருப்பில் போட்டது நானேதான். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லை" என்று மட்டும் சொன்னேன். எல்லாம் சேர்ந்திருந்தால் மூன்று லட்சம் கொடுத்திருப்பேன், இப்போது ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் முடியும் என்று கூறிவிட்டுப் போனார்.

என்ஜின் எப்போது மாறியது என்பது அம்மாவுக்கு நினைவிருந்தது. 1992 மே மாதம், ஏலகிரி மலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அவசரத்தில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்ற, பிளாக்கில் விரிசல் விழுந்தது. கஸ்பாவில் பட்டறை வைத்திருந்த பாய், பழைய பத்மினி ஒன்றின் ஹாஃப் என்ஜினை, அதாவது பிளாக்கோடு சேர்ந்த கீழ்ப்பாதியை, வாங்கிப் பொருத்திக் கொடுத்தார். இரண்டும் 1089 சி.சி., ஒரே குடும்பத்து என்ஜின். பொருத்துவதற்குச் சிரமமே இல்லை. சிரமம் இல்லாததால்தான் அதைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். பிறகு புதுப்பித்தலுக்குப் போன தடவைகளில் சேசிஸ் எண்ணைத்தான் பார்த்தார்களே தவிர, என்ஜின் எண்ணைத் துடைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

இப்போதுள்ள என்ஜினையே ஆர்.சி.யில் ஏற்றிவிடலாமே என்று முதலில் முயன்றேன். அதற்கு அந்த என்ஜினை வாங்கிய ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரமும் வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய பழைய சாமான் பேரத்துக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? மற்றொரு யோசனையாக, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்காக 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளையும் பார்த்தேன். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை என்னை மறுபடியும் கஸ்பாவுக்கே அனுப்பியது.

பாய் இறந்துவிட்டிருந்தார். பட்டறையை நடத்தும் அவருடைய மகன் சுவரோரம் கிடந்த டயர்களை நகர்த்தி, எங்கள் பழைய பிளாக்கைக் காட்டினார். "இரும்புக் கடையில போட மனசு வரல தம்பி. நம்பர் இருக்கிற பிளாக்கைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு" என்றார். கம்பி பிரஷால் தேய்க்கத் தேய்க்கத் துருவுக்கு அடியிலிருந்து ஒவ்வோர் எண்ணாக வெளிவந்தது. ஆர்.சி.யில் இருந்த அதே எண்.

வார்ப்பிரும்பைச் சூடாக்கிப் பற்ற வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும் என்பதால், ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் அதைத் தைத்தார்கள். விரிசல் நெடுகத் துளையிட்டு, குறுக்கே பூட்டுத் தகடுகளை அடித்து இறக்கி, இடைவெளிகளில் மரையாணிகளை ஒன்றையொன்று கவ்வும்படி முறுக்கித் தேய்த்துச் சமன் செய்யும் வேலை அது. சிலிண்டர்களைக் குடைந்து சீராக்கும் ரீபோர் உட்பட 38,000 ரூபாய் ஆயிற்று. கிரில்லுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். டூப்ளிகேட் எளிதாகக் கிடைத்தது. நெளிந்த அசல் ஒன்று 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது. எங்கள் ஆண்டுக்கு உரியது அதுதானா என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அம்மாவின் ஆல்பத்தில், 1971-இல் அத்தையின் கல்யாணத்துக்கு மாலை சூட்டி நிறுத்தியிருந்த இதே வண்டியின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தேன்.

ஆய்வு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்ஜின், சேசிஸ் ஆகிய இரண்டு எண்களின் மீதும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று முத்திரையிட்ட அந்தப் பழைய புத்தகத்தோடு இரண்டும் பொருந்தின. பெயர் மாற்றம் முடிந்தது.

சென்னைக்காரர் மறுபடியும் வந்து 2,40,000 ரூபாய் கொடுத்தார். மாநிலத்துக்குள்ளேயே விற்றதால் பழைய மூன்றெழுத்துப் பதிவு எண் அப்படியே தங்கியதும் அவருக்குத் திருப்தி. குறைந்த அறுபதாயிரம் முழுவதும் காகிதத்துக்காகவே என்றார். கிரில்லைத் தேடிப் பிடிக்கலாம், தாத்தா பெயரில் வந்த ரசீதை எந்தப் புதுப்பேட்டையிலும் வாங்க முடியாதல்லவா? அந்தக் கணக்கோடு எனக்குப் பிணக்கில்லை. கல்யாணப் படத்தையும் வண்டியோடு கேட்டார். அம்மா மறுத்துவிட்டார், ஸ்டூடியோவில் பிரதி எடுத்து, பின்புறம் தேதியும் வண்டி எண்ணும் எழுதி, அத்தையிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பினோம்.