ஸ்லர்ம் கியூ: ஹெச்பிசி இன்டர்வியூவுக்கு எப்படிப் படித்தேன்

ஹெச்பிசி (பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துப் பெரிய கணக்கீடுகளை ஓட்டுவது) அட்மின் வேலைக்குத் தயாராகிறவர்கள் பலர், பயனர்கள் அனுப்பும் வேலைகளை, அதாவது ஜாப்களை, வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளான ஸ்லர்மின் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காருகிறார்கள். வேண்டாம், அதில் பாதி உங்கள் கைக்கு வரவே வராது. நான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தேன்: இந்த ஜாப் ஏன் இன்னும் ஓடவில்லை? பிராக்டிகலிலும் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள்.

நாலு கோர் உள்ள ஒரு வர்ச்சுவல் மெஷின் போதும். ஸ்லர்ம், அது அடையாளம் சரிபார்க்கப் பயன்படுத்தும் மஞ்ச் இரண்டையும் ஏற்றி, ஒரே ஒரு பார்ட்டிஷன் போடுங்கள். கியூ என்று மற்ற இடங்களில் சொல்வதுதான் இது. பிறகு வரிசையாக மூன்று ஜாப் விடுங்கள். முதலாவது 3 கோர், 30 நிமிடம். இரண்டாவது 4 கோரும் கேட்கட்டும். ‘ரிசோர்சஸ்’ என்று காரணம் காட்டி நிற்கும். மூன்றாவது 1 கோர், 10 நிமிடம். கடைசியாக வந்தது இதுதான், ஆனாலும் சற்று நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். முதல் ஜாப் முடிவதற்குள் இது முடிந்துவிடும், இரண்டாவதற்குத் தாமதம் வராது என்பது ஷெட்யூலரின் கணக்கு. பேக்ஃபில் என்பது இவ்வளவுதான். அதே ஜாப்பை ஒரு மணி நேரம் கேட்டு விட்டுப் பாருங்கள்: ஒரு கோர் சும்மா கிடக்கும், ஜாப் ‘பிரயாரிட்டி’ என்று நிற்கும்.

இதைக் கண்ணால் பார்த்தவருக்கு டிஃபால்ட்டைம் (நேரம் குறிப்பிடாத ஜாப்புக்கு நீங்கள் வைக்கும் நேரம்) ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. பயனர் நேரம் குறிப்பிடாமல், நீங்களும் அதை வைக்காமல் விட்டால், பார்ட்டிஷனின் அதிகபட்ச நேரமான மேக்ஸ்டைம் முழுவதும் அந்த ஜாப்புக்குப் போய்விடும். இடைவெளியில் நுழையவே முடியாது. கூடவே கேட்கக்கூடியது: பேக்ஃபில் எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கும்? டிஃபால்ட் 1440 நிமிடம், ஒரு நாள். மேக்ஸ்டைம் மூன்று நாள் என்றால் அந்த விண்டோவையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும்.

மெமரியில் ஒரு பொறி இருக்கிறது. மெமரியையும் பங்கிடும் வளமாக அறிவித்துவிட்டு, கோருக்கு இவ்வளவு என்ற டிஃபால்ட்டை வைக்காவிட்டால், மெமரி கேட்காத ஜாப் நோடின், அதாவது அது ஓடும் மெஷினின், மொத்த மெமரியையும் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன சோதனையில் மூன்றாவது ஜாப் நகராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

ஃபேர்ஷேருக்கு (ஏற்கெனவே அதிகம் பயன்படுத்தியவரின் பிரயாரிட்டியைக் குறைக்கும் முறை) அக்கவுன்டிங் டேட்டாபேஸ் வேண்டும். பழைய பயன்பாட்டின் எடை டிஃபால்ட்டாக 7 நாளில் பாதியாகும். இன்டர்வியூவுக்கு இவ்வளவு தெரிந்தால் சமாளிக்கலாம். பிரயாரிட்டியைக் காட்டும் கட்டளையான எஸ்பிரியோவில் எண்களைப் படிக்கப் பழகுங்கள், ஆனால் அதற்கு முன் ஜாப் வரிசையைக் காட்டும் கட்டளையான எஸ்கியூ காட்டும் காரணத்தைப் பாருங்கள். ‘ரிசோர்சஸ்’ என்று நிற்கும் ஜாப்புக்குப் பிரயாரிட்டியை ஏற்றுவதில் பலனில்லை.