கட்டடமும் காட்சிப்பொருளின் ஓர் உறுப்பே

பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் முகப்புக்கூடத்தில் அறிவியல் காட்சிப்பொருள் நிறுவுவதற்காக எழுதப்படும் திட்ட அறிக்கைகளில் எஃகுக் கம்பியின் தடிமன், கண்ணாடியின் விலை, திறப்பு விழாச் செலவு எல்லாம் இருக்கும். விழாவுக்கு மறுநாளிலிருந்து அதை யார் துடைப்பார், மின்தடைக்குப் பிறகு யார் மீண்டும் இயக்குவார் என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. கடலோர நகரம் ஒன்றில் உள்ள இயற்பியல் துறைக் கட்டடத்தின் காட்சிப்பொருள்களுக்குப் பொறுப்பாக இருக்கும் எனக்கு, அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று படுகிறது. இன்னும் ஒன்றும் சொல்வேன்: பராமரிப்பவருக்குத் துடைக்கும் துணியும் சாவிக்கொத்தும் தந்தால் மட்டும் போதாது; அந்தக் கட்டடத்தைப் பற்றிய முடிவுகளில் அவருக்கு ஒரு சொல் இருக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டட முகப்பில் உள்ள கீல் சொட்டுச் சோதனையை. தாரைப் போன்ற கீல், சுத்தியலால் அடித்தால் கண்ணாடியைப் போலச் சிதறும். ஆனாலும் அது ஒரு திரவமே என்று மாணவர்களுக்குக் காட்ட விரும்பிய தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர், 1927-இல் அதைச் சூடாக்கி, அடிவாய் மூடிய புனலில் ஊற்றி, அது படிந்து அமைவதற்கு மூன்று ஆண்டுகள் விட்டு, 1930-இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு விழுந்தது 1938-இல்; இரண்டாவது 1947-இல். மறு ஆண்டு பார்னெல் காலமானார். கீலின் பாகுநிலை, அதாவது எளிதில் ஓடாமல் தடுக்கும் தன்மை, தண்ணீரைப் போல ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு என்று, இந்தச் சோதனையைக் கொண்டே 1984-இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

பார்னெலுக்குப் பிறகு நெடுங்காலம் அது யார் கண்ணிலும் படாமல் அலமாரிக்குள் இருந்தது. 1961-இல் துறையில் சேர்ந்த ஜான் மெயின்ஸ்டோன் அதன் காவலரானார். பொதுமக்கள் பார்க்கும் இடத்துக்கு அது வந்தது அவருடைய விடாமுயற்சியால்தான். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் அதைக் காத்த அவர், ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் பார்க்காமலேயே 2013-இல் மறைந்தார். 1988-இல் பிரிஸ்பேனில் நடந்த உலகக் கண்காட்சியில் வைத்திருந்தபோது, அவர் ஏதோ குடிப்பதற்காகச் சில நிமிடங்கள் வெளியே சென்ற வேளையில் ஏழாவது சொட்டு விழுந்துவிட்டது. 2000-இல் எட்டாவது விழுந்தபோது, அதற்காகவே வைத்திருந்த படக்கருவி பழுதாகிக் கிடந்தது. இந்தக் கதைகளை எல்லோரும் சொல்கிறார்கள். என் கவனத்தை ஈர்ப்பது, அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு செய்தி. ஏழாவது சொட்டு வரைக்கும் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்று என்று விழுந்துகொண்டிருந்த கீல், எட்டாவது சொட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. இடையில் அந்த இடத்துக்குக் குளிர்சாதன வசதி வந்திருந்தது. வெப்பநிலை சற்றுத் தணிந்ததால் கீல் மேலும் இறுகி, சொட்டும் வேகம் குறைந்தது.

யாரும் அந்தச் சோதனையைத் தொடவில்லை. கட்டடத்தின் வசதிக்காக எடுத்த ஒரு முடிவு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவந்த ஒரு சோதனையின் தாளத்தையே மாற்றிவிட்டது. குளிர்சாதனம் வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் உழைப்பவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அத்தகைய கோப்பு நகரும்போது, காட்சிப்பொருளின் காவலரும் அதைப் படித்து, இதனால் இன்னது மாறும் என்று ஒரு குறிப்பாவது எழுதும் ஏற்பாடு எந்த நிறுவனத்திலும் இருக்க வேண்டும்.

ஒன்பதாவது சொட்டின் வரலாறும் நிர்வாகம் சார்ந்ததே. முன்பு விழுந்த எட்டுச் சொட்டுகளும் கீழே இருந்த முகவையிலேயே குவிந்து கிடந்ததால், ஒன்பதாவது முறிந்து விழ இடமின்றி அவற்றின் மேலேயே போய் ஒட்டியது. 2014 ஏப்ரலில் புதிய காவலர் ஆன்ட்ரூ ஒயிட் முகவையை மாற்ற முனைந்து கண்ணாடிக் கவிகையைத் தூக்கியபோது, மரப்பீடம் அசைந்து சொட்டு அறுந்தது. ஒரு தலைமுறைக்கும் மேல் ஓடக்கூடிய எந்தக் காட்சிப்பொருளையும் வடிவமைக்கும்போது, அதை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு எந்தெந்த உறுப்பை மாற்ற முடியும் என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வேறு சில பொருள்களுக்கு இதற்கு நேர் எதிரான கவனம் தேவைப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் ஆய்வகத்தில் 1840 முதல் ஒலித்துக்கொண்டிருக்கும் மின்மணியில், கந்தகம் பூசி மூடிய உலர் மின்கல அடுக்குகளின் ஆற்றலால் சிறு குண்டு ஒன்று இரண்டு மணிகளுக்கிடையே போய்வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாக அறிய வேண்டுமானால் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால் அத்துடன் சோதனை முடிந்துவிடும் என்பதால், பிரிக்காமலே விட்டிருக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் மிகும்போது அது சிறிது நேரம் நின்றுபோனதுண்டு என்று படித்தபோது, ஐப்பசி மழையில் எங்கள் கண்ணாடிப் பேழைகளின் உட்புறம் வேர்த்து நிற்பதுதான் என் நினைவுக்கு வந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உள்ள பெவர்லி கடிகாரமோ 1864-இல் செய்யப்பட்டது. அதற்குச் சாவி கொடுப்பதே இல்லை. ஒரு நாளில் வெப்பநிலை 6 பாகை அளவுக்கு ஏறி இறங்கினால், பெட்டிக்குள் அடைபட்ட காற்று விரிந்து சுருங்கி, ஒரு பவுண்டு எடையை ஓர் அங்குலம் உயர்த்திவிடும். அந்த ஆற்றலே போதும். வெப்பநிலை போதிய அளவு மாறாத நாள்களில் அது நின்றுவிடும். பிரிஸ்பேனில் சொட்டைத் தாமதப்படுத்திய குளிர்சாதனம், இங்கே கடிகாரத்தை நிறுத்தியே விடக்கூடும்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிச் சுழற்சியின் நடுவே ஒரு ஃபூக்கோ ஊசல் தொங்குகிறது. 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ பாரிசின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியைக் காட்டினார். பூமி சுழல்வதால், ஊசல் வீசும் தளம் மெல்ல மெல்லத் திரும்புவதுபோல நமக்குத் தெரியும். அங்கே அந்தத் தளம் ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 32 மணி நேரமும், டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ள ஊசலுக்கு ஏறத்தாழ 50 மணி நேரமும் ஆகும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது நீளும். சென்னையின் அட்சரேகையில் ஏறத்தாழ 106 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கும் கூடுதல். ஆகவே பாரிசுக்கு எழுதிய விளக்கப் பலகையை மொழிபெயர்த்து இங்கே மாட்டினால் அது பொய்யாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு 3.4 பாகை மட்டுமே திரும்பும் ஊசலைப் பார்க்க வரும் பள்ளி மாணவர், ஐந்து நிமிடம் நின்றுவிட்டு எதுவும் நடக்கவில்லையே என்று போய்விடுவார். ஆனால் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றை வளைத்துப் பதித்தால், பத்து நிமிடத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்வு கண்ணுக்கே தெரியும். இந்த ஒரு மாற்றம், வண்ண விளக்குகளும் தொடுதிரையும் தராத பயனைத் தந்திருக்கிறது.

ஊசலுக்கு அடியில் உள்ள மின்காந்தம் ஒவ்வொரு வீச்சிலும் இழந்த ஆற்றலைச் சிறிது ஈடுசெய்கிறது. மின்சாரம் நின்றால் காற்றின் தடையால் வீச்சு குறைந்துகொண்டே போகும். மறுபடி தொடங்குவதற்குக் கையால் தள்ளக் கூடாது. குண்டை நூலால் இழுத்துக் கட்டி, அசைவு முற்றிலும் அடங்கிய பின் நூலை எரித்து விடுவிக்க வேண்டும். இல்லையெனில் ஊசல் நீள்வட்டமாகச் சுழன்று தவறான கணக்கைக் காட்டும். இந்தப் பணியை எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருவர் மற்ற எவரையும்விட நேர்த்தியாகச் செய்கிறார். ஆயுத பூஜையன்று குண்டிலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. கம்பியில் கை படாமலிருக்க, இப்போது பொட்டைச் சுற்றுத்தடுப்பின் கண்ணாடியில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. அவர் ஓய்வுபெறும்போது இந்த அறிவு அவருடனேயே போய்விடக் கூடாது என்பதற்காக, அவர் சொல்லச் சொல்ல ஒரு பதிவேட்டில் எழுதிவருகிறேன்.

அந்தப் பதிவேட்டில் நாள், கூடத்தின் வெப்பநிலை, ஈரப்பதம், ஊசலின் வீச்சு, நின்ற காரணம், தொடங்கியவரின் கையொப்பம் ஆகியவற்றுக்குப் பத்திகள் உண்டு. கட்டடத்தில் நடந்த வேலைகளுக்கும் அதிலே தனிப்பத்தி வைத்திருக்கிறேன்: சுண்ணாம்பு அடித்தது, மின்விசிறி இடம் மாறியது, மேல்மாடியில் துளையிட்டது என எல்லாம் அதில் ஏறும். துறையின் கட்டடக் குழுவில் காட்சிப்பொருள் காவலருக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற விண்ணப்பத்துடன் இந்தப் பக்கங்களின் படிகளை இணைத்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதைப் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.