அந்த 17 வரிகள்

"எடுத்துடும்மா" என்று சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

பாதசாரிகள் சாலையைக் கடக்கும் வேகம் பற்றிய கட்டுரை அது. வீடியோவைப் பிரேம் பிரேமாக ஓட்டி, ஒருவர் சாலையில் கால் வைப்பதிலிருந்து எதிர்ப்பக்கம் ஏறுவது வரை எத்தனை நொடி என்று ஆய்வு மாணவி குறித்திருந்தார். மொத்தம் 300 பேர். அதில் அடியில் இருந்த 17 வரிகளுக்கு மஞ்சள் நிறமிட்டுக் கொண்டுவந்தார். "சார், இவங்க ரொம்ப மெதுவா போயிருக்காங்க. சிலர் நடுவுல நின்னுட்டாங்க. வெச்சுக்கலாமா?"

"நின்னது நடை ஆகாதே. எடுத்துடும்மா."

இதில் தவறில்லை என்று இன்றும் என்னால் வாதாட முடியும். நடுத்திட்டில் காத்து நின்ற நேரத்தையும் சேர்த்துத் தூரத்தை வகுத்தால் கிடைப்பது நடைவேகம் அல்ல. முதலாண்டு மாணவருக்கும் தெரியும். ஆனால் அவர் "சிலர்" என்றார். நான் 17 பேரையும் நீக்கச் சொன்னேன்.

சிக்னல் நேரத்தைச் சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. 15ஆவது சதமானத்தை எடுப்போம். நூறு பேரில் 85 பேர் அந்த வேகத்திலோ அதைவிட வேகமாகவோ நடப்பார்கள் என்று பொருள். 300 பேரை மெதுவானவரிலிருந்து வரிசையாக நிறுத்தினால் அது 45ஆவது ஆளின் வேகம். அடியிலிருந்த 17 பேரை எடுத்ததும் அந்தக் கோடு பழைய வரிசையின் 60ஆவது ஆள் பக்கம் போய் நின்றது. சாலையில் யாரும் வேகமாக நடக்கவில்லை. எங்கள் அட்டவணையில் மட்டும் நடந்தார்கள்.

வெகுகாலம் நொடிக்கு 1.2 மீட்டர் என்பதே வழக்கத்தில் இருந்த எண். 14 மீட்டர் அகலச் சாலைக்கு 12 நொடிகூட ஆகாது. அமெரிக்கப் போக்குவரத்து சிக்னல் கையேட்டின் 2009 பதிப்பில் அதை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தார்கள். அதே சாலைக்கு 13 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒருவருக்கு 17.5 நொடி வேண்டும். வண்டிகள் கிளம்பும்போது அவர் இன்னும் சாலையில்தான் இருப்பார்.

சரி, எல்லாருக்காகவும் நீட்டிக்கொண்டே போக முடியுமா? வெப்ஸ்டரின் 1958 சூத்திரத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். சிக்னல் ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சைக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தால் வண்டிகளின் தாமதம் குறையும் என்று தருவது அது. பாதசாரிக்கு அதில் இடமில்லை, அவரை நாம்தான் பிறகு சேர்க்கிறோம். ஆனால் பேருந்துக்குள் 50 பேர் காத்திருப்பதும் காத்திருப்புதான். கோட்டை எங்கே போட்டாலும் யாராவது கீழே நிற்பார்கள். இதை நான் உண்மையாகவே நம்புகிறேன். கோட்டுக்குக் கீழே ஆட்கள் இருப்பதைக் காட்டுவது வேறு, அவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது வேறு என்பதும் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு இது தோன்றியதா என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கட்டுரைதான் நான் எழுதியவற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. பதவி உயர்வுக் கோப்பில் முதல் பக்கத்தில் வைத்தேன்.

போன மாதம் ஒரு ஆய்விதழிலிருந்து கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தது. மெதுவாகக் கடந்தவர்களை நீக்கியிருந்தார்கள். ஏன் என்று கேட்டு எழுதினேன். கேட்டவர் யார் என்று தெரியாமல், எங்கள் கட்டுரையைச் சுட்டி, 'இது ஏற்கெனவே பின்பற்றப்பட்ட முறை' என்று பதில் தந்திருந்தார்கள்.

அன்று இரவு அந்த மாணவிக்குப் போன் செய்தேன். அவரும் இப்போது பேராசிரியர். நினைவிருக்கிறதா என்றேன்.

"இருக்கு சார். நின்னவங்க 6 பேர்தான். மத்தவங்க நடந்தாங்க."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொன்னேன் சார். பரவால்ல, எடுத்துடும்மான்னீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. அவர் பொய் சொல்பவர் அல்ல. கட்டுரையை அனுப்பக் கடைசி நாள் நெருங்கியிருந்தது, காதில் விழாமல் போயிருக்கலாம். விழுந்தும் இருக்கலாம். அவர் குரலில் வருத்தமில்லை. அப்புறம் தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்.

மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: நீக்கியவர்களைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள், நின்றவர் எத்தனை பேர், நடந்தவர் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டுங்கள். இன்னும் அனுப்பவில்லை. எங்கள் கட்டுரைக்கு அப்படி ஒரு அட்டவணை போட முடியுமா என்று பழைய ஹார்ட் டிஸ்க்குகளை இரண்டு நாள் தேடினேன். 283 வரிகள் உள்ள கோப்பு மட்டும் இருக்கிறது.